கட்குழியும் கண்விபத்தும்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது முதுமொழி. அச்சிரசிலுள்ள பொறிகளுள்ளும் கண்ணுக்கு மக்கள் கொடுத்துள்ள இடம் தனியானது. அரிய பொருளைக் கண்போலக் காத்தல் என்றும், உற்ற துணையைக் கண்ணுக்கு இமை என்றும் கூறும் வழக்கு இதனை உணர்த்தும். இயற்கையும் கண்ணை அவ்வாறே பேணியுள்ளது. ஏழு என்புகளாலாய பேழையொன்றினுள், கொழுப்பாகிய மெத்தையின்மீது, இமையாகிய இரட்டைக் கதவின் பின்னே அது வைக்கப்பட்டிருக்கின்றது. இத்துணைக் காவலிருந்தும் கண்ணுக்கு ஊறு நேர்தல் அரிதன்று. வெள்ளவத்தையிற் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிற் சிறுவர் பந்தாடும்போதும், துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனைப் பகுதியின் வேலைத்தலமொன்றில் இரும்பு சாணை பிடிக்கப்படும்போதும், தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் சீனவெடி கொளுத்தப்படும்போதும், வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசப்படும்போதும் இவ்வூறு நிகழக்கூடும்.

ஊறுபட்ட கண்ணை முதன்முதற் காண்பவர் பெரும்பாலும் கண் வைத்திய நிபுணர் அல்லர். வீட்டிலே தாய், பாடசாலையிலே ஆசிரியர், தொழிலிடத்திலே உடன் வேலை செய்பவர், வழியிலே அம்புலன்ஸ் வண்டியின் உதவியாளர், வைத்தியசாலையிலே விபத்துப் பிரிவின் இளம் வைத்தியர் என்னும் இவர்களே முதலிற் காண்பர். அவர்களுடைய கை முதற் சில நிமிடங்களிற் செய்வதும் செய்யாது விடுவதும் பல வேளைகளிற் பார்வையின் முடிவையே தீர்மானித்துவிடுகின்றன. செய்யத்தக்கது எது, தகாதது எது என்பதை மனனஞ் செய்து வைத்தல் எளிதன்று. கண்ணும் அதனைத் தாங்கும் கட்குழியும் அமைந்துள்ள முறையை உணர்ந்தவனுக்கோ அவ்விதிகள் தாமே விளங்கும். அவ்வமைப்பையும், அதிலிருந்து பிறக்கும் விதிகளையும் ஈண்டு முறையே நோக்குவாம்.

தமிழில் அங்காதிபாதம்

கண்ணின் அமைப்பை ஆராயும் முயற்சி நம்மவர்க்குப் புதியதன்று. சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம் கண்ணை ஐந்து மண்டலங்களாகவும், ஆறு சந்திகளாகவும், ஆறு படலங்களாகவும் வகுத்து, எழுபத்தாறு கண்ணோய்களைக் கூறுகின்றது. சித்த வைத்திய மரபும் கண்ணோய்க்கெனத் தனி நூல்களை உடையது. அகத்தியர் பெயரால் வழங்கும் நயனவிதி அவற்றுள் ஒன்று.

மேனாட்டு முறைப்படி உடலை அறுத்து ஆராய்ந்து கண்ட உண்மைகள் தமிழில் நூலுருப் பெற்றது யாழ்ப்பாணத்திலேயாகும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, மானிப்பாயை நிலைக்களனாகக் கொண்டு தொண்டாற்றினார். தமது மாணவர்க்கு முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், பின்னர்த் தமிழிலேயே வைத்தியக் கல்வியை நடத்தினார். அவர் முயற்சியால் வெளிவந்த தமிழ் நூல்களுள் 1872ஆம் ஆண்டின் ‘மனுஷ அங்காதிபாதம்’ குறிப்பிடத்தக்கது. 1858இல் ஆங்கிலத்தில் முதற் பதிப்பாக வெளிவந்த கிரே என்பாரின் உடற்கூற்று நூலைத் தழுவியது அது. கொழும்பில் வைத்தியக் கல்லூரி 1870இல் தொடங்கி ஆங்கிலத்தில் நடைபெறலாயிற்று. 1873இல் கிறீன் தாயகம் திரும்பிய பின்னர் தமிழ்வழி வைத்தியக் கல்வி நீடித்து நிலைக்கவில்லை. எனினும் கிராமத்து வைத்தியன் தன் மொழியிலேயே என்பையும் நரம்பையும் அறிதல் வேண்டும் என்று அவர் கொண்ட கருத்து, ஊறுபட்ட கண்ணைப் பொறுத்தவரை இன்றும் பொருந்துவதாகும். முதலிற் காண்பவர் ஆங்கில நூலைக் கற்றவராக இருப்பார் என்பது உறுதியன்று.

என்புப் பேழை

கட்குழி நாற்பக்கக் கூம்பு போன்றது. அதன் அகன்ற வாய் முன்னும், கூர்ந்த முனை பின்னும் உள்ளன. வாயின் அகலம் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர். உயரம் 35 மில்லிமீற்றர். முன்னிருந்து பின்முனை வரையுள்ள ஆழம் 40 முதல் 45 மில்லிமீற்றர். நுதலென்பு, கன்னவென்பு, மேற்றாடையென்பு, ஆப்புருவென்பு, நெய்யரியென்பு, கண்ணீரென்பு, அண்ணவென்பு ஆகிய ஏழும் கூடி இக்குழியை அமைக்கின்றன. இதன் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லிலீற்றர். விழிக்கோளம் அதில் 7 மில்லிலீற்றரளவே அடைக்கும். எஞ்சிய இடத்தைக் கொழுப்பும், தசைகளும், நரம்புகளும், குருதிக் கலன்களும் நிரப்பியுள்ளன.

குழியின் விளிம்பு தடித்தது. நெற்றியும், கன்னமும், மூக்கின் அடியும் முன்னே நீண்டிருத்தலால், அகன்ற பொருளொன்று முகத்தில் மோதும்போது அவ்விளிம்பே அடியின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். ஆயின் வெளிப்புற விளிம்பு மட்டும் பின்வாங்கி நிற்கின்றது. அகலப் பார்வைக்கு வாய்ப்பளிக்கும் இவ்வமைப்பே கண்ணின் வெளிப்பக்கத்தைக் காவல் குறைந்ததாகவும் ஆக்குகின்றது. பக்கவாட்டில் வரும் கல்லும் கோலும் இவ்வழியே விழிக்கோளத்தை நேரே தாக்கும். மேலும், பந்தின் அளவும் ஈண்டுக் கருதத்தக்கது. கிரிக்கெற் பந்தின் விட்டம் 7 சென்ரிமீற்றருக்குச் சற்று மேற்பட்டதாதலின் அது விளிம்பிலே பெரிதும் தடைப்படும். பட்மின்ரன் ஆட்டத்தில் வழங்கும் இறகுப்பந்தின் தக்கைப் பகுதியோ 3 சென்ரிமீற்றருக்கும் குறைந்தது. அது குழியின் வாயினுள் தடையின்றிப் புகுந்து கோளத்தையே மோதவல்லது. பாரமில்லாதது என்று எண்ணி அதனை அஞ்சாதிருத்தல் தவறு.

விளிம்பு தடித்திருப்பினும் உட்சுவர்கள் யாவும் அவ்வாறல்ல. மூக்குப் பக்கத்துச் சுவர் காகிதம் போன்று மெல்லியது. அதற்கப்பால் நெய்யரியென்பின் காற்றறைகள் உள்ளன. கீழ்ச் சுவராகிய தளமும் மெல்லியதே. அதன் கீழே மேற்றாடைக் காற்றறை உள்ளது. கண்ணின்மீது பேரடி விழும்போது குழியினுள் அமுக்கம் திடீரென உயர்கின்றது. அடியின் விசை விளிம்பு வழியாகவும் தளத்துக்குப் பரவுகின்றது. அப்போது இம் மெல்லிய சுவர்கள் உடைந்து காற்றறையினுள் விழுதல் உண்டு. இம்முறிவின் தோற்றத்தை ஸ்மித், ரீகன் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் 1957ஆம் ஆண்டில் விளக்கியுரைத்தனர். சுவர் உடைவதனால் அமுக்கம் தணிந்து விழிக்கோளம் வெடியாது தப்புதலும் கூடும். மெல்லிய சுவர் ஒருவகையிற் காவலுமாகின்றது.

இம்முறிவின் அடையாளங்கள் அமைப்பிலிருந்தே பெறப்படும். தளத்தின் வழியாகக் கன்னத்துக்குச் செல்லும் நரம்பு நசுங்குதலாற் கன்னமும் மேலுதடும் மரத்துப்போகும். கண்ணைக் கீழிழுக்கும் தசையோ அதனைச் சூழ்ந்த இழையமோ வெடிப்பிற் சிக்குதலாற் கண் மேனோக்க மாட்டாது. ஒரு பொருள் இரண்டாகத் தோன்றும். கொழுப்பு கீழே வழிந்துவிடின் நாட்செல்லக் கண் உட்குழிந்து காணப்படும். காற்றறையோடு குழிக்குத் தொடர்பு உண்டாகிவிட்டமையால், இத்தகையோர் மூக்கைச் சிந்தலாகாது. சிந்தின் காற்றும் கிருமியும் கட்குழியினுள் ஏறும்.

சிறுவர் திறத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். அவர்தம் என்பு இளங்கிளை போல் வளைந்து திறந்து மீண்டும் மூடிக்கொள்வதால், தசை அதனிடையே கிட்டியிற் பிடிபட்டது போலச் சிக்கிவிடும். வெளியே கண் சிவக்காது, வீக்கமும் குறைவு. ஆயினும் பிள்ளை வாந்தியெடுக்கும், சோர்ந்து விழும், நாடித் துடிப்பு மந்தமாகும். கண் தசையை இழுத்தால் இதயத் துடிப்புத் தளரும் என்பது 1908ஆம் ஆண்டில் அஷ்னர், டக்னினி என்போரால் தனித்தனியே உரைக்கப்பட்ட உண்மை. பந்தடிபட்ட சிறுவன் வாந்தியெடுப்பதைக் கண்டு, அதனைத் தலையிற்பட்ட அடியின் விளைவென்று மட்டும் கருதிக் கண்ணசைவை நோக்காது விடுவோர் இதனைத் தவறவிடுவர். சிக்கிய தசை தாமதியாது விடுவிக்கப்படாவிடின் நிலையாகக் கெடும்.

காவலே சிறையாதல்

கட்குழியின் பக்கங்கள் நான்கும் என்பு. முன்புறத்தை இமைகளும், அவற்றின் பின்னுள்ள தடுப்புச் சவ்வும், இமைகளை இரு கடையிலும் என்போடு பிணிக்கும் உறுதியான நாண்களும் மூடுகின்றன. எனவே குழி விரிந்து கொடுக்கும் தன்மை மிகக் குறைந்தது. அடிபட்டோ சத்திரசிகிச்சையின் பின்னோ விழிக்கோளத்தின் பின்னே குருதி கசிந்து தேங்குமாயின், அதற்குப் போக்கிடமில்லை. அமுக்கம் ஏறிக்கொண்டே செல்ல, கண் முன்தள்ளும்; கல்லைப்போல் இறுகும்; பார்வை நரம்புக்கும் விழித்திரைக்கும் குருதி வருதல் தடைப்படும். விழித்திரையின் உட்படைகளை ஊட்டும் மைய நாடி துணைக் கிளைகளற்ற தனிநாடி. அது தடைப்படின் வேறு வழியில் உணவு வருவதில்லை. குரங்குகளில் நடாத்தப்பெற்ற சோதனைகள், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இத்தடை நீடித்தால் விழித்திரை மீளாது என்பதைக் காட்டியுள்ளன.

ஆதலால் அடிபட்ட கண் முன்தள்ளி, இறுகி, வலித்து, பார்வை குன்றிவருமாயின், படம் பிடிக்கும் இயந்திரத்துக்காகக் காத்திருத்தல் பொருந்தாது. விபத்துப் பிரிவு வைத்தியரே கண்ணின் வெளிக்கடையைச் சிறிது வெட்டி, ஆங்குள்ள நாணின் கீழ்க்கிளையை அறுத்துவிடுவர். அறுத்தவுடன் கீழிமை என்பினின்று தளர, கோளம் முன்னே நகர இடம்பெற, அமுக்கம் குறையும். பூட்டிய கதவின் கீலைக் கழற்றுவது போன்றது இது. வெட்டிய கடை பின்னர் எளிதிற் பொருத்தப்படும். போன பார்வையோ பொருத்தப்படுவதில்லை. கோளமே கிழிந்திருக்கும் ஐயமுள்ளவிடத்து இது செய்யப்படலாகாது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

மெல்லிய மூக்குப் பக்கச் சுவருக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. சளிகட்டிய காற்றறையின் சீழ், குறிப்பாகப் பிள்ளைகளில், அச்சுவரைக் கடந்து குழியினுட் பரவும். இமை மட்டும் வீங்கிக் கண் நன்றாக அசையுமாயின் நோய் பெரும்பாலும் தடுப்புச் சவ்வுக்கு முன்னேயே நிற்கின்றது எனலாம். கண்ணை அசைக்கும்போது வலித்தல், அசைவு குன்றல், கண் முன்தள்ளல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் நோய் சவ்வைக் கடந்துவிட்டதென்று கொண்டு, அன்றே வைத்தியசாலையிற் சேர்த்தல் வேண்டும். கட்குழியின் நாளங்கள் மூளையின் அடியிலுள்ள குருதித் தடாகத்தோடு தொடர்புடையவை. கிருமி அவ்வழியே செல்லின் உயிருக்கே இறுதியாம்.

விழிக்கோளம்

விழிக்கோளத்தின் விட்டம் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர். அதன் சுவர் மூன்று படைகளாலானது. புறப்படையின் ஆறில் ஐந்து பங்கு வெள்விழி எனப்படும் வன்கோது. முன்னுள்ள ஒரு பங்கு ஒளிபுகும் விழிவெண்படலம். நடுப்படை குருதிக்கலன் நிறைந்த தோலுரு. அதுவே முன்னே பிசிருடலாகவும் கதிராளியாகவும் நீள்கின்றது. கதிராளியின் நடுவிலுள்ள துவாரமே கண்மணி. உட்படை ஒளியை உணரும் விழித்திரை. கதிராளிக்குப் பின்னே வில்லை உள்ளது. அதற்கு முன்னுள்ள இடத்தை நீர்மயவுடனீரும், பின்னுள்ள பேரிடத்தைப் பாகு போன்ற கண்ணாடியுடனீரும் நிரப்பிக் கோளத்தை உருட்சி குன்றாது வைத்திருக்கின்றன. கோளத்தின் உள்ளமுக்கம் இரசமானியில் 10 முதல் 21 மில்லிமீற்றர் வரை இருத்தல் இயல்பு.

வன்கோது எங்கும் ஒரே தடிப்புடையதன்று. பின்புறத்தில் ஒரு மில்லிமீற்றர் தடித்த அது, தசைகள் வந்து பொருந்தும் இடத்திற்குப் பின்னே 0.3 மில்லிமீற்றரளவே ஆகின்றது. பேரடியாற் கோளம் கிழியும்போது பெரும்பாலும் அவ்விடத்திலேயோ கருவிழி விளிம்பிலேயோ கிழிகின்றது. தசைக்கடியில் நேரும் கிழிவு வெளியே புலப்படாமலும் இருக்கலாம். குருதி திரண்டு வெள்விழியை முற்றாக மறைத்தல், கண்மணி வட்டம் குலைந்து கண்ணீர்த்துளி வடிவாதல், கரிய இழையம் வெளித்தோன்றல் என்பன கிழிவின் குறிகள். சுத்தியலால் அடிக்கும்போதோ சாணை பிடிக்கும்போதோ தெறித்த இரும்புத் துணுக்கு மிகச் சிறு வழியாற் புகுந்து உள்ளே தங்கிவிடுதலும் உண்டு. வலி குறைவு என்பதனால் அதனைப் புறக்கணித்தல் கூடாது.

கிழிந்த கோளத்தை அமுக்கினால் உள்ளிருப்பவை வெளியேறும் என்பதை விளக்கவேண்டியதில்லை. ஆயினும் குருதி வடியும் இடத்தைப் பஞ்சு வைத்து இறுகக் கட்டுவது மக்களின் இயல்பான பழக்கம். கண்ணில் அப்பழக்கம் கேடாகும். குழியின் என்பு விளிம்பிலே மட்டும் தங்கும் கிண்ணம் போன்ற ஒன்றால் கண்ணைத் தொடாது மூடவேண்டும். காகிதக் குவளையின் அடிப்பகுதியும் அதற்கு உதவும். குத்தி நிற்கும் முள்ளையோ கம்பியையோ பிடுங்கலாகாது. மருந்துக் களிம்பு இடலாகாது. தலையை உயர்த்திச் சாய்த்து வைத்து, சத்திரசிகிச்சை நேரக்கூடுமாதலின் உணவும் நீரும் கொடாது, காலந்தாழ்த்தாமற் கொண்டுசெல்லல் வேண்டும். வாந்தியும் இருமலும் கோளத்தின் அமுக்கத்தை ஏற்றுவனவாதலால் வைத்தியர் வாந்தியைத் தணிக்கும் மருந்தை முன்னரே கொடுப்பர்.

கிழியாத கோளத்திலும் அடியின் விளைவு உள்ளே தங்கும். கதிராளியின் அடி கிழிந்து, கருவிழிக்குப் பின்னே குருதி மட்டம் கட்டி நிற்றல் ஒன்று. இத்தகையோர் நிமிர்ந்து சாய்ந்து இருப்பின் குருதி கீழே படியும். அஸ்பிரின் உட்கொண்டால் மீண்டும் குருதி பெருகக்கூடும். முதல் நாளினும் அடுத்துவரும் சில நாட்களிலேயே இவ்வாறு மீளப் பெருகுதல் நிகழ்வதால், வலி தீர்ந்ததென்று பிள்ளையை விளையாட விடலாகாது. வில்லை இடம்பெயர்தலும், விழித்திரை கழன்று போதலும் வேறு விளைவுகள். பார்வையின் ஒரு புறத்தே திரை விழுவது போன்று தோன்றின் விழித்திரையை ஐயுறல் வேண்டும்.

விழிவெண்படலமும் சுண்ணாம்பும்

விழிவெண்படலத்தின் நடுத்தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். அதிற் குருதிக்கலன் இல்லை. நரம்பு முனைகளோ மிக நெருங்கியுள்ளன. ஆகையால் ஒரு மணல் அதன் மேற்படையை உராயினும் வலி பொறுத்தற்கரியது. சிறு உராய்வு ஓரிரு நாளில் ஆறிவிடும். அதனை ஆற்றுங் கலங்கள் கருவிழியின் விளிம்பில் வட்டமாக உறைகின்றன. அவ்விளிம்பே படலத்தின் நாற்றுமேடை எனலாம். கறுப்புக் கண்ணாடியின்றி இரும்பு ஒட்டுவோர்க்கு, வேலை முடிந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தின் பின் இரவிலே கண் எரிந்து நீர் வடிவதும் இம்மேற்படை புற ஊதாக் கதிராற் கருகுவதனாலேயாம். வலியை மரக்கச்செய்யும் சொட்டு மருந்து சோதனையின்போது உதவும். வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் அது புண் ஆறுதலைத் தடுத்துப் படலத்தைக் கெடுக்கும்.

கண்ணிற் படும் இரசாயனங்களுள் அமிலத்தினும் காரம் கொடியது. அமிலம் பட்டவிடத்துப் புரதத்தை உறையச் செய்வதால், உறைந்த அப்படையே அமிலம் மேலும் புகாமல் ஓரளவு தடுக்கின்றது. காரமோ கலங்களின் கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக் கரைத்துக்கொண்டு, தடையின்றி உள்ளே இறங்கும். வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பும், சுவருக்குப் பூசும் சுண்ணாம்பும், சீமெந்துக் கலவையும், ஆய்வுகூடத்துச் சோடியமைதரொட்சைட்டும் இவ்வினத்தனவே. சுண்ணாம்புத் துணுக்கு இமையின் மடிப்பில் ஒளிந்திருந்து மெல்ல மெல்லக் கரைந்தவண்ணம் இருப்பது மேலும் கேடானது. கருவிழி விளிம்பு வெந்து வெளிறிவிடின் நாற்றுமேடை அழிந்ததென்க. பின்பு படலம் தெளிவடைதல் அரிது.

இவ்விடத்தில் மருந்து நீரேயாகும். குழாய் நீரோ குடிநீரோ எது அண்மையிலுள்ளதோ அதனை உடனே, இமைகளைக் கையால் விரித்துப் பிடித்து, அரை மணி நேரமாவது ஓடவிடுதல் வேண்டும். வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதற்காகக் கழுவுதலை நிறுத்துவதும், காரத்தை அமிலத்தால் முறிக்கலாமென்று எலுமிச்சஞ்சாறு விடுவதும் பெருந்தவறு. பார்வையை அளந்து குறித்துக்கொண்ட பின்னரே சிகிச்சை தொடங்கவேண்டும் என்னும் பொதுவிதிக்கும் இரசாயன விபத்து விலக்காகும். வைத்தியசாலையில் மேலிமையைப் புரட்டித் துணுக்குகளைத் துடைத்தெடுத்து, கண்ணின் அமிலகார நிலை இயல்படையும்வரை மீண்டும் மீண்டும் கழுவுவர்.

முலைப்பாலும் நந்தியாவட்டைப் பூவும் கண்ணுக்குக் குளிர்ச்சியென்று கருதப்பட்டு வந்தன. மரபு மருத்துவத்தின் தகுதியை ஆராய்தல் ஈண்டு நோக்கமன்று. மேற்படை உரிந்த படலத்தில் கிருமி நீக்காத எப்பொருளை விடினும் பூஞ்சணமும் பற்றீரியாவும் புகுந்து புண்ணை ஆழமாக்கும் என்பதே அறியவேண்டியது. நெற்றாளும் மரக்கிளையும் கீறிய கண்ணில் இவ்வாபத்து இரட்டிப்பாகும்.

இமை, தசை, நரம்பு

இமைக்காயங்கள் தைத்துவிட்டால் தீர்ந்தன என்று தோன்றும். இரண்டு இடங்களில் அவ்வாறன்று. மூக்கையடுத்த இமைமூலையில் கண்ணீரை மூக்குக்குக் கொண்டுசெல்லும் நுண்கால்வாய் உள்ளது. அஃது அறுந்தது அறியாமல் தோலை மட்டும் தைத்தாற் கண்ணீர் வாழ்நாள் முழுதும் கன்னத்தில் வழியும். மேலிமைக் காயத்தில் மஞ்சட் கொழுப்புத் தெரியுமாயின் தடுப்புச் சவ்வு கிழிந்ததென்பது பொருள்; இமையில் தோலடிக் கொழுப்பு இன்மையின், காண்பது கட்குழியின் கொழுப்பேயாம். இமையை உயர்த்தும் தசையும் கோளமும் தப்பினவா என்று அப்போது ஆராய்தல் வேண்டும்.

கோளத்தை அசைக்கும் தசைகள் ஆறு. அவற்றுள் வெளிப்புற நேர்த்தசையை ஆறாம் மண்டையோட்டு நரம்பும், மேற்சரிவுத் தசையை நான்காம் நரம்பும், ஏனைய நான்கையும் மூன்றாம் நரம்பும் இயக்குகின்றன. மூன்றாம் நரம்பே இமையை உயர்த்துவதும், கண்மணியைச் சுருக்கும் இழைகளைக் கொணர்வதுமாம். அவ்விழைகள் நரம்பின் மேற்புறத்தே கிடப்பதால், மண்டையினுட் குருதி தேங்கி நரம்பை நெருக்கும்போது அவையே முதலிற் கெடும். தலையில் அடிபட்டு மயங்கியவரின் ஒரு கண்மணி விரிந்து ஒளிக்குச் சுருங்காதிருப்பின், அது மூளையிலிருந்து வரும் அபாய அறிவிப்பாக இருக்கலாம். இவ்வறிவிப்பு மறைந்துவிடாதிருத்தற்பொருட்டு, இத்தகையோருக்குக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இடப்படுவதில்லை.

பார்வை நரம்பில் ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம் இழைகள் உள்ளன. ஒளியின் செய்தி அதன் வழியாக உட்சென்று, மூன்றாம் நரம்பின் வழியாக இரு கண்மணிக்கும் ஒருங்கே திரும்புகின்றது. கைவிளக்கை ஒரு கண்ணிலிருந்து மற்றக் கண்ணுக்கு மாற்றி மாற்றிக் காட்டும்போது, ஊறுபட்ட கண்ணில் ஒளி விழுந்ததும் இரு கண்மணியும் சுருங்காது விரியுமாயின் அப்பக்கத்து நரம்போ விழித்திரையோ பழுதுபட்டதென்று துணியலாம். நோயாளி பேசமுடியாத நிலையிலும், கோளத்தை அமுக்காது இமைகளைச் சிறிது திறக்க முடியுமாயின், இச்சோதனை கைகூடும். பேசக்கூடியவராயின் ஒவ்வொரு கண்ணாக மூடி எழுத்தை வாசிக்கச் செய்து, அதுவும் இயலாவிடின் விரலை எண்ணச் செய்து, பார்வையைக் குறித்துக்கொள்ளல் முதற்கடன்.

இழந்த கண்ணும் ஈந்த கண்ணும்

விழிவெண்படலத்திற் குருதிக்கலன் இன்மை ஒரு நன்மைக்கும் ஏதுவாயிற்று. வேற்றுடலின் உறுப்பை உடல் ஒதுக்கித் தள்ளும் இயல்பு இப்படலத்தில் மிகக் குறைவு. இறந்தவர் கண்ணால் இருப்பவர் காணுதல் இதனாலேயே கூடிற்று. 1905ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இன்று செக் நாட்டிலுள்ள ஒலமோக் நகரில், எடுவார்ட் சேம் என்னும் வைத்தியர் முதன்முதலாக இவ்வொட்டுச் சிகிச்சையை வெற்றியுடன் நிறைவேற்றினார். பார்வை பெற்றவர் சுண்ணாம்பினால் இரு கண்ணும் பழுதான ஒரு தொழிலாளி. படலத்தை உதவியதோ இரும்புத் துணுக்குப் புகுந்தமையால் அகற்றப்பட்ட ஒரு சிறுவனின் கண். மேலே கூறிய இரு விபத்துக்களும் அம்முதல் வெற்றியிலே ஒருங்கு சந்தித்தன.

இலங்கை இத்துறையில் உலகுக்கு ஈந்தது பெரிது. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961ஆம் ஆண்டில் இலங்கைக் கண்தான சங்கத்தைக் கொழும்பில் நிறுவினார். 1964ஆம் ஆண்டில் முதன்முதலாகச் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. அதன் பின் பல நாடுகளில் வாழ்வோர் இத்தீவினர் ஈந்த படலங்களாற் பார்வை பெற்றனர். பெளத்தரின் தான நெறி இதற்குப் பெருந்துணையாயிற்று. தம் கண்ணை இடந்து இறைவனுக்கு அப்பிய கண்ணப்பர் வரலாற்றைப் போற்றும் சைவ மக்களுக்கும் இத்தானம் அயலானதன்று. ஆயின் ஒன்று மறத்தற்குரியதன்று. காரத்தால் விளிம்பு முற்றாக அழிந்த கண்ணில், ஒட்டிய படலமும் தெளிவாக நிலைப்பது கடினம். தானம் செய்வோர் எத்துணையராயினும், முதற் சில நிமிடங்களில் ஊற்றப்படாத நீருக்கு அது முழு ஈடாகாது.

செய்யத்தக்கன

கொழும்பிலே கண் நோயாளர்க்கெனத் தேசிய கண் வைத்தியசாலை உண்டு; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விக்ரோறியா அரசியின் நினைவாக எழுந்த கண் வைத்தியசாலையின் வழிவந்தது அது. 2016ஆம் ஆண்டு தொடங்கிய ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவையை 1990 என்னும் இலக்கத்திற் கட்டணமின்றி அழைக்கலாம். ஆகவே நிபுணரை அடைதல் நகரத்தார்க்கு அரிதன்று. நிபுணர் கைக்கு வருமுன் கழியும் நேரமே குறைபாடுடையது.

அக்குறையை நிரப்பவல்ல இடம் பாடசாலை. இரசாயன ஆய்வுகூடத்தில் ஓடும் நீரும் காப்புக் கண்ணாடியும் இருத்தல் வேண்டும். அவற்றை வழங்கும் முறையை ஆண்டுதோறும் மாணவர்க்குப் பழக்கல் வேண்டும். விளையாட்டுப் பொறுப்பாசிரியர், பந்தடிபட்ட மாணவனை மேலும் கீழும் பக்கங்களிலும் நோக்கச் செய்து, ஒவ்வொரு கண்ணாலும் வாசிக்கச் செய்து பார்த்தல் வேண்டும். இரசாயனம் பட்டாற் கழுவுக. கோளம் கிழிந்த ஐயமிருப்பின் அமுக்காது மூடுக. கண் முன்தள்ளி இறுகின் கணமும் தாழ்க்கற்க. அடிபட்ட பிள்ளை வாந்தியெடுப்பின் கண்ணசைவை நோக்குக. இந்நான்கும் உயிரியற் பாடத்தில் கண்ணின் வெட்டுமுகப் படத்தை வரையும் மாணவன் அப்படத்தோடு சேர்த்தே கற்கக்கூடியன. படத்திலுள்ள ஒவ்வொரு படையின் பெயரையும் எழுதிப் புள்ளி பெறும் அவன், அப்படைகள் கெடுமிடத்தைக் காக்கும் வகையையும் அறிந்து வெளியேறுவானாயின், கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்யும் நிலை அவனைச் சார்ந்தோர்க்கு வாராது. தமிழில் அங்காதிபாதம் எழுதி அச்சிட்டோர் விரும்பியதும் இத்தகைய பயனேயாகும்.